எழுத்து அவர்களுக்கு, ஏணி நமக்கு

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கி பஜார் பக்கம் நடந்து பாருங்கள் தோழர்களே. தலையைக் கொஞ்சம் தூக்கி நடக்கணும். நகைக்கடை, ஜவுளிக்கடை, பிரியாணிக்கடை, செல்போன் கடை, பல் ஆஸ்பத்திரி. எல்லாக் கடை நெற்றியிலும் ஒரே பளபளப்பு. ஏசிபி ஷீட், அதன் மேல் அக்ரிலிக் எழுத்து, உள்ளே எல்இடி. இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால் இதே நெற்றிகளில் தகரமும் எனாமலும் இருந்தன. ஒவ்வொரு பலகையின் கீழ்மூலையிலும் சின்னதாய் ஒரு கையொப்பம் இருக்கும், இன்னார் ஆர்ட்ஸ் என்று. அந்தக் கையொப்பங்களில் சில எங்கள் தெருவைச் சேர்ந்தவை. சேரியில் பிறந்தவன் பெயர் பஜாரின் நெற்றியில் இருந்தது அந்த மூலையில் மட்டும்தான். இப்போது மூலை காலி.

'ஊர் வளந்துடுச்சு' என்கிறார்கள். யார் வளர்ந்தது என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெரு பெயிண்டர் அண்ணனுக்கு நூல் பிடிக்கும் வேலை சின்ன வயதில் எனக்கு. தகரத்துக்குப் பிரைமர் அடித்துக் காயவைத்து, சாக்பீஸ் பொடி தடவிய நூலை இந்த முனையில் நான் பிடிக்க, அந்த முனையில் அவர் பிடித்து நடுவில் இழுத்து விடுவார். பட்டென்று ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் எழுத்து உட்காரும். 'ழ' போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அவர் படித்தது எட்டாவது. தமிழும் எழுதுவார், தெலுங்கும் எழுதுவார். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. நகரி, புத்தூர் ஜனங்கள் மலைக்கு வந்து போகிற பஜார். இரண்டு மொழியும் தெரிந்த பிரஷ்ஷுக்கு மரியாதை இருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் இருபது நாள் அவருக்குத் தூக்கம் கிடையாது.

இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. எந்த சாஸ்திரத்திலும் இது இல்லை. செருப்புத் தைக்க ஒரு சாதி, துணி வெளுக்க ஒரு சாதி, சவரத்துக்கு ஒரு சாதி என்று பிரித்துப் போட்டவர்கள் போர்டு எழுத ஒரு சாதியைப் படைக்க மறந்துவிட்டார்கள். ரயிலும் பள்ளிக்கூடமும் கடைவீதியும் கொண்டுவந்த தொழில் இது. நான்கு எழுத்தும் கையில் கொஞ்சம் ஓவியமும் இருந்தால் போதும். முதலீடு நாலு பிரஷ், இரண்டு டப்பா பெயிண்ட், ஒரு பாட்டில் டர்பன்டைன். நிலம் வேண்டாம், பட்டா வேண்டாம், அப்பன் தொழில் வேண்டாம். படிக்கக் கூடாது என்று விலக்கி வைக்கப்பட்ட கூட்டத்தின் பிள்ளை, ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி எழுதினான். இதைச் சின்ன விஷயமென்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 'விஸ்வகர்மா' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்களுக்குக் கடன், பயிற்சி, கருவி. பட்டியலைப் பாருங்கள். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், துணி வெளுப்பவர், பூ கட்டுபவர் என்று போகும். பரம்பரைத் தொழிலைக் குருகுல முறையில் காப்பாற்றப் போகிறார்களாம். பிறப்போடு ஒட்டிய தொழிலுக்குத்தான் அதில் இடம். போர்டு எழுதுகிறவன் அதில் இல்லை. இருக்க மாட்டான். அவன் பிறப்பை மீறி வந்தவன்.

அப்படிப்பட்டவனை வீழ்த்தியது மெஷின் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. மெஷினை யார் வாங்க முடிந்தது என்பதுதான் கேள்வி.

சென்னை இங்கிருந்து எண்பது சொச்சம் கிலோமீட்டர். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். காகிதத்தில் எல்லை வருவதற்கு ரொம்ப முன்பே சென்னை இந்தப் பக்கம் வந்துவிட்டது. முதலில் அது போர்டாகத்தான் வந்தது. திருவள்ளூரைத் தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் பாருங்கள். நெல்வயல் நடுவில் இரும்புச் சட்டம், அதில் சிரிக்கிற குடும்பம், 'வீட்டுமனைகள் விற்பனைக்கு'. நேற்றுவரை சர்வே நம்பராக இருந்த நிலத்துக்கு ஏதோ ஒரு 'நகர்', ஏதோ ஒரு 'அவென்யூ'. அதில் எவ்வளவு நிலம் பஞ்சமி நிலம் என்று எந்த போர்டிலும் எழுதியிருக்காது. (1891-ல் திரமென்ஹீர் அறிக்கை எழுதியது இதே செங்கல்பட்டுச் சீமையில் உட்கார்ந்துதான்.) சில இடங்களில் போர்டுக்குப் பின்னால் சேரி இருக்கிறது. மனை பார்க்கக் காரில் வருகிறவன் கண்ணில் படாத உயரத்துக்கு போர்டு.

2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. பாலியஸ்டர் துணிக்கு இரண்டு பக்கமும் பிவிசி பூசிய சுருள். கம்ப்யூட்டரில் வரைந்ததை மெஷின் துப்பும். அண்ணன் இரண்டு நாளில் முடிக்கிற பலகை கால் மணி நேரத்தில் ரெடி. சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று ரேட் வந்த அன்றைக்கே எழுத்தின் விலை போச்சு. ஏனென்றால் எழுத்துக்குக் காசு இல்லை, பரப்பளவுக்குத்தான் காசு. ஆரம்பத்தில் சென்னையில் அடித்து ரயிலில் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் மெஷின் பக்கத்து ஊர்களுக்கே வந்தது. பல லட்சம் ரூபாய் மெஷின். அதை வாங்கியவர்கள் யார்? ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள், சாலை அகலமானபோது நிலம் விற்றவர்கள், அடமானம் வைக்கக் கட்டடம் இருந்தவர்கள். ஒருத்தரும் பிரஷ் பிடித்தவர் இல்லை. தெலுங்கு ஒற்றெழுத்து தப்பாய் இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அண்ணன் என்ன ஆனார்? அதே கடைக்காரர்கள் அதே அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். 'பிளெக்ஸ் வந்துருக்கு, வந்து கட்டிட்டுப் போ.' ரீப்பர் கட்டையில் ஆணி அடிப்பது, சட்டம் தூக்குவது, ஏணி போட்டு ஏறுவது. எழுதிய கை கட்டுகிற கை ஆனது. போர்டுக்கு முன்னால் நின்று எழுத்தைப் பார்த்தவர் போர்டுக்குப் பின்னால் போய்விட்டார். 'இன்னா தம்பி, எழுத்து போச்சு, ஏணி மிச்சம்' என்று சிரித்தார் ஒருநாள். கவிதை எழுதுகிற எனக்கு அந்த வரி வராமல் போனது பற்றி வெட்கம்தான்.

ஏணியில் இருப்பவனுக்கு என்ன ஆகும்? 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து சுபஸ்ரீ இறந்தார். நாடே கொதித்தது. கொதித்தது சரி. நீதிமன்றம் பேசியது, கட்சிகள் இனி பேனர் வைக்க மாட்டோம் என்றன. 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடிக்கம்பம் நட்ட 13 வயதுப் பையன் மின்சாரம் பாய்ந்து செத்தான். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டியில் ராட்சத விளம்பரப் பலகை பொருத்தும்போது சட்டம் சரிந்து மூன்று தொழிலாளிகள் செத்தார்கள். அந்த மூவரில் ஒருவர் பெயராவது நமக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கும் இல்லை. அவர்கள் என்ன சாதி என்று நான் சொல்ல வரவில்லை. பலகைக்கு முன்னால் போகிறவர் சாவு செய்தி, பலகைக்குப் பின்னால் தொங்குகிறவன் சாவு வெறும் விபத்து. அதைத்தான் சொல்கிறேன்.

நம்மையும் கொஞ்சம் பார்ப்போம். ஏப்ரல் 14 வருகிறது. டிசம்பர் 6 வருகிறது. அண்ணலின் படத்தை எங்கே அடிக்கிறோம்? சேரிக்குள் தண்ணி குடிக்க மாட்டேன் என்கிறவன் மெஷினில்தான். தெருவுக்குத் தெரு வசூல் பண்ணிய துட்டு அவன் கல்லாவுக்குப் போகிறது. படத்தில் அண்ணல் தபால்தலை அளவு, நம் பொறுப்பாளர்கள் ஆள் உயரம். முன்பு இதே நாட்களில் அண்ணன் சுவரில் வரைவார். சுண்ணாம்பு அடித்த சுவரில் நீலத்தில் கோட்டும் கண்ணாடியும் வர வர, பையன்கள் கூட்டம் நின்று பார்க்கும். நான் வரையக் கற்றதே அப்படித்தான். தேர்தல் ஆணையத்தின் கெடுபிடியில் சுவரெழுத்து சுருங்கியதென்று சொல்லுவீர்கள். நம் தெருச் சுவருக்கு எந்த ஆணையம் தடை போட்டது? சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

இன்னொரு கூட்டம் சென்னையில் கிளம்பியிருக்கிறது. கையால் எழுதிய பழைய பலகைகளைப் படம் பிடித்து, 'ஆகா என்ன அழகு, மண்ணின் எழுத்து' என்று உருகுகிறார்கள். அந்த எழுத்துச் சாயலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காபிக் கடைக்கு போர்டு போடுகிறார்கள். எழுதியவனுக்குக் கிடைத்தது படத்தின் கீழே 'பெயர் தெரியாத கலைஞர்'. பெயர் ஏன் தெரியாது? மூலையில் எழுதியிருந்ததே அய்யா!

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொன்னதாக யாரும் எழுதிவிடாதீர்கள். பேசிய கூலியில் பாதி கொடுத்து மீதியை அடுத்த போர்டில் கழித்துக்கொண்டவர்கள் உண்டு. வாசலிலேயே நிறுத்தி டீயைத் தனி டம்ளரில் கொடுத்ததும் உண்டு. ஆனாலும் அந்தத் தொழிலில் அவர் பெயர் இருந்தது.

பெயர் என்றால் இந்த நாட்டில் என்ன ஆகும் என்பதை 1997-ல் பார்த்தோம். விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. தாழ்த்தப்பட்டவன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கலவரம் பண்ணினார்கள். பஸ்ஸுக்கு நெற்றியில் ஒரு போர்டு, அவ்வளவுதான். அதைத் தாங்க முடியவில்லை. கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அழித்தார்கள். நம் பெயர் ஒன்றை எழுதுவதைவிட எல்லார் பெயரையும் அழிப்பது சுலபமாக இருந்தது.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, வரவேற்போம். ஊருக்கு ஊர் பலகை மாற வேண்டும். அந்தப் பலகைகளை எழுதுவது யார்? டெண்டர் எடுக்கிற கான்ட்ராக்டரா? நம் வாசலில் நடுகிற பலகையை நம் ஆள் எழுதட்டும் என்று கேட்க ஒரு இயக்கமும் இதுவரை என் கண்ணில் படவில்லை.

நான் வேலை பார்க்கும் துறையையும் விட்டுவிட முடியாது. 2020 ஏப்ரல் 1 அன்று 10 பொதுத்துறை வங்கிகளை 4 ஆக இணைத்தார்கள். சிண்டிகேட் கனராவானது, ஆந்திரா வங்கி யூனியன் வங்கியானது, அலகாபாத் இந்தியன் வங்கியானது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான கிளைகளில் பெயர்ப்பலகை மாறியது. எந்த நிறம், எந்த அளவு, எந்த எழுத்து என்பதெல்லாம் தலைமை அலுவலக உத்தரவு. டெண்டருக்கு வைப்புத்தொகை, வருட வியாபாரக் கணக்கு. 2012-ல் அறிவித்த கொள்முதல் கொள்கைப்படி ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்கள் வாங்குவதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த 4 சதவீதத்தில் யார் வந்தார்கள் என்று எந்தத் தொழிற்சங்கம் கேட்டது? எங்கள் சங்கக் கூட்டத்தில் நான் கேட்டேன். 'தோழர், அது நம்ம அஜெண்டாவில் இல்லை' என்றார்கள்.

அண்ணன் மகள் டிப்ளமா படித்தவள். டிசைன் பண்ணத் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும், அப்பாவின் எழுத்து கையில் இருக்கிறது. சொந்தமாக ஒரு பிளெக்ஸ் மெஷின் போட வேண்டும் என்று ஒரு வங்கிக்குப் போனாள். எந்த வங்கி என்று இங்கே எழுதவில்லை. 'பட்டா இருக்கா?' பட்டா இருக்கிறது, ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த நிபந்தனைப் பட்டா. அடமானத்துக்கு ஆகாது. '2015-லிருந்து முத்ராவில் 10 லட்சம் வரை அடமானம் வேண்டாமே சார்?' என்று அவள் கேட்டிருக்கிறாள். 'அதெல்லாம் பேப்பர்ல இருக்கும்மா' என்று பதில். மூன்று முறை நடந்தாள். இப்போது அவளை அடிக்க விடாத மெஷினிலேயே மாதச் சம்பளத்துக்கு டிசைன் போடுகிறாள்.

2016 ஏப்ரல் 5 அன்று தொடங்கிய 'ஸ்டாண்ட் அப் இந்தியா' திட்டம் என்ன சொன்னது? ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது, பெண் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை தொழில்கடன் கொடுக்க வேண்டும் என்றது. 2025 மார்ச் வரை ஓடியது. அந்த வருச பட்ஜெட்டில் 5 லட்சம் பேருக்கு 5 ஆண்டுகளில் 2 கோடி வரை என்று அடுத்த அறிவிப்பும் வந்துவிட்டது. முதல் கணக்கை யாரும் கேட்கவில்லை.

நான் ஊழியன். கிளைக் கணக்கை வெளியே எழுதினால் வேலை போகும். ஆனால் நீங்கள் கேட்கலாம். திருத்தணியில், பள்ளிப்பட்டில், திருவள்ளூரில், அரக்கோணத்தில் இருக்கிற பொதுத்துறை வங்கிக் கிளை ஒவ்வொன்றுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 2016 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை இந்தத் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்குக் கொடுத்த கடன் எத்தனை, தொகை எவ்வளவு, தள்ளுபடி செய்த விண்ணப்பங்கள் எத்தனை, காரணம் என்ன. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். 30 நாளில் பதில் வரணும். மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வாருங்கள். அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுவோம். கையெழுத்து நன்றாக இருக்கும், அவரே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.