கத்தினால் மட்டும் காதில் விழுமா?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நெட் இழுத்தால் உடனே ஒரு தீர்ப்பு வரும்: "இன்னும் நாலு டவர் போடணும்!"

சுத்த அபத்தம். பழநி, மதுரை, வத்தலக்குண்டு என்று ஆளாளுக்குக் கூவும் இடத்தில் இன்னொருவரும் சேர்ந்து கூவினால் யாருக்கு என்ன கேட்கும்? போனில் சிக்னல் கோடு முழுசாக இருந்தும் நெட் நகராததற்கு இந்தக் குறுக்கீடும் ஒரு முக்கியக் காரணம். கோடு காட்டுவது சத்தத்தை, தெளிவை அல்ல!

மருந்துக்கு வழி 1992-லேயே பிறந்தது. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பல ஆண்டெனாக்கள் வைத்தால் ஒரே அலைவரிசையில் பல தகவல்களைத் தனித்தனியே அனுப்பலாம் என்ற அந்த யோசனைதான் இன்றைய 'மைமோ'. 2014-ல் அவருக்கு மார்கோனி பரிசும் கிடைத்தது.

ஆனால் 5ஜி டவரில் 64 ஆண்டெனா என்று மார்தட்டினால் போதுமா? ஒருவருக்குப் போகும் அலைகள் பக்கத்து ஆளின் போனில் ஒன்றையொன்று அடித்து அடங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு போனுக்கும் உள்ள பாதையை டவர் முன்பே அளந்திருக்க வேண்டும். அளக்க உதவுவது போன் அனுப்பும் 'பைலட்' சிக்னல். அடுத்த டவரின் போனும் அதே பைலட்டை அனுப்பினால்? இரண்டு பூட்டுக்கு ஒரே சாவி போட்ட கதைதான்!

பூ மார்க்கெட்டில் பணம் வந்ததா என்று போனையே பார்த்து நிற்கும் பூக்காரம்மாவுக்கு டவர் கணக்கும் ஆண்டெனா கணக்கும் எதற்கு? கம்பெனிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பக்கத்துப் பக்கத்து டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றனவா, இல்லையா?