முதல் போடாத சிரிப்பு

'அவனா நீ?' வடிவேலு பேசின ரெண்டே வார்த்தை. தமிழ்நாட்டில் இது தெரியாத ஆம்பளை கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கையை லேசாக வளைத்துப் பேசினால் போதும், பின் பெஞ்சிலிருந்து இந்தக் கேள்வி பறந்து வரும். ஆதித்யாவிலும் சிரிப்பொலியிலும் பழைய காமெடி சீன்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. போதாததற்கு டி.வி. மேடைக் காமெடி வேறு. ஒரு ஆள் இடுப்பை ஒடித்து நடப்பார், குரலை இழுப்பார், பக்கத்து ஆளின் கன்னத்தைத் தடவுவார். நடுவர் விழுந்து விழுந்து சிரிப்பார். இதில் ஜோக் எங்கே? அந்த நடைதான் ஜோக்!

கணக்குப் போட்டால், இது முதலே போடாத வியாபாரம். வசனம் வேண்டாம், கதை வேண்டாம், ஒரு துப்பட்டா போதும். சாதியைக் கிண்டலடித்தால் சங்கம் வாசலுக்கு வந்துவிடும். இவர்களுக்கு ஓட்டு வங்கியா இருக்கிறது? 2015-ல் 'ஐ' படம் வந்தபோது திருநங்கைகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆண் மீது ஆசைப்படும் ஆண் எப்படி இறங்குவான்? வீட்டுக்குத் தெரிந்துவிடுமே! (இந்த இருவரும் வேறு வேறு என்பதே நம் காமெடி எழுத்தாளர்களுக்குத் தெரியாது. அது தனிக் கதை.)

'சும்மா சிரிக்கத்தானே சார்' என்கிறார்கள். சரி, சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறுங்கள். டி.வி. உள்ள பஸ்ஸாகப் பார்த்து ஏறினால், ராசிபுரம் வருவதற்குள் இப்படி ஒரு சீன் வந்துவிடும். பஸ்ஸே சிரிக்கும். லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் ப்ளஸ் டூ பையன் ஒருவன் அதில் இருக்கிறான், அவனுக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் சொல்வான்? அப்பாவிடமா, வார்டனிடமா? அவனும் சிரிப்பான். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வானே.

வாய்விட்டுப் பேசத் தெரியாத ஊரா இது? எய்ட்ஸ் பாதிப்பு அதிகமுள்ள மாவட்டம் என்று நாமக்கல் பெயர் வாங்கிய காலத்தில், லாரி டிரைவர்களிடம் ஆணுறை பற்றி வெட்கப்படாமல் பேசினார்கள். அன்றைக்கு டிரைவரைப் பார்த்துச் சிரித்திருந்தால் ஒருத்தனாவது ரத்தப் பரிசோதனைக்குப் போயிருப்பானா?

சட்டம் எப்போதோ நகர்ந்துவிட்டது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் இது குற்றமில்லை என்றது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதவில்லை என்று ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் உத்தரவு எழுதினார். நீதிபதிக்கு இருந்த அந்த அடக்கம், அரை மணி நேர காமெடி எழுதுகிறவருக்கு இருக்கக் கூடாதா?

சிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2010-ல் வந்த 'கோவா'வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடி. காமெடிதான், ஆனால் அவர்களுக்கென்று ஒரு உறவு இருந்தது. சேனல்காரர்களே, அடுத்த தடவை அந்த நடை நடப்பவருக்கு ஒரு பெயர் வையுங்கள். ஒரு வேலை கொடுங்கள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டுகிறவராக இருக்கட்டும். இடுப்பை ஒடிக்காமல் அவரை வைத்து ஒரு காமெடி எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம்.