நுரைத்தால் சுத்தமா?

போன வாரம் ஒரகடம் பக்கம் ஒரு சின்ன மோல்டிங் யூனிட்டில் கூப்பிட்டிருந்தார்கள். மெஷினின் ஹைட்ராலிக் ஆயில் டேங்க்கைத் திறந்தால் உள்ளே பால் டீ! ஆயில் கூலரின் டியூப் ஓட்டையாகி, கூலிங் டவர் தண்ணீர் ஆயிலோடு கலந்திருந்தது. "என்னப்பா பண்ணினே?" என்றேன். மெயின்டனன்ஸ் தம்பிக்கு முகமெல்லாம் பெருமை. "உப்பு அடைச்சிருந்துச்சு சார். பாத்ரூம் ஆசிட் ஊத்தினேன். என்னமா நுரைச்சுது தெரியுமா!"

இந்த நுரை மேல் நம் ஆட்களுக்கு இருக்கும் பக்தியை ஸ்ரீபெரும்புதூர் கோயில் வாசலில்கூட நான் பார்த்ததில்லை. நுரைத்தால் உப்பு கரைகிறது, நிறைய நுரைத்தால் நிறையக் கரைகிறது. முடிந்தது சித்தாந்தம்.

நம் அம்மாக்கள் அலுமினிய இட்லிப்பானைக்கு என்ன செய்தார்கள்? போர் தண்ணீரைத் தினம் கொதிக்கவைத்த பாத்திரம் அது. கொட்டைப்பாக்கு அளவு புளி, இல்லாவிட்டால் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி. அவ்வளவுதான். படிவும் ஏறவில்லை, பானையும் கறுக்கவில்லை. எந்த அம்மாவாவது இட்லிப்பானையில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றி நுரையை ரசித்தாளா?

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் சுண்ணாம்பாகிச் சுவரில் ஒட்டுகிறது. சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பு நேர் எதிர். எனவே எங்கே சூடு அதிகமோ அங்கேதான் தடிப்பும் அதிகம். தாமிரம் கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இது கடத்தாது. எடுக்கத்தான் வேண்டும், அதில் சண்டையில்லை. ஆனால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்பைத் தின்னும்போது வருவது கரியமில வாயு. சுண்ணாம்பு தீர்ந்து இரும்பையும் அலுமினியத்தையும் தின்னும்போது வருவது ஹைட்ரஜன். கண்ணுக்கு இரண்டும் நுரைதான். பக்கத்தில் பீடி பற்றவைத்தால் வித்தியாசம் புரியும். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆச்சே சார்" என்பார்கள். அதில்தான் குளோரைடு ஊசிமுனை ஊசிமுனையாகக் குழி பறிக்கும். படிவில் சிலிக்கா இருந்தாலோ, இந்த ஆசிட் அதை விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் உலோகத்தைத்தான் விருந்தாக்கிக்கொள்ளும்.

கடல்தண்ணீரை உறிஞ்சியே இன்ஜினைக் குளிர்விக்கும் படகுகளைப் பாருங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளே ஓடுகிறது. அங்கேயும் செல்லுபடியாவது இட்லிப்பானை வைத்தியம்தான்: படகு தண்ணீரில் நிற்கும்போதே கடல் வால்வை மூடி, அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டைக் கழற்றிவிட்டு, வாளியில் கரைத்த சிட்ரிக் அமிலம் மாதிரி சாதுவான ஒன்றைச் சின்ன பம்பு வைத்துச் சுற்றவிட்டு, அடங்கியதும் நல்ல தண்ணீரில் அலசுவது. நடுக்கடலில் டியூப் போனால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராது. ஒரகடத்தில் நான் வந்துவிடுவேன் என்ற தைரியம்!

பொறுமையாகச் செய்ய சல்ஃபாமிக் அமிலம் இருக்கிறது, உலோகத்தைக் காக்கும் தடுப்பான் இருக்கிறது. ஆனால் அரை நாள் பிடிக்கும். புரொடக்‌ஷன் ஆள் அரை மணிநேரம்கூட மெஷினைத் தர மாட்டார். அப்புறம் ஒரு வாரம் மெஷின் நின்றால் மட்டும் பரவாயில்லை. டவரில் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கும். தினம் கொஞ்சம் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றினால் பாதிப் படிவு வராது. ஏரிகளுக்குப் பேர்போன காஞ்சிபுரம் சீமையில் உட்கார்ந்துகொண்டு லாரித் தண்ணீருக்குக் காசு அழுகிறவர் எதைத் திறந்துவிடுவார்?

ஊற்றிய ஆசிட் எங்கே போனது என்று தம்பியிடம் கேட்டேன். பின்பக்கக் கால்வாயைக் காட்டினார். கையுறை? சிரித்தார். கான்ட்ராக்ட் ஆளுக்குக் கையுறையா என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். ஆசிட் விற்றால் வாங்குபவர் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் எழுதவேண்டும், அடையாள அட்டை பார்க்கவேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. இவரிடம் கடையில் கேட்ட ஒரே கேள்வி, "பாட்டில் கொண்டாந்தியா?"

கொண்டுபோயிருக்கிறார். அம்மாகூடப் புளியைத் தனி ஜாடியில் மூடித்தான் வைத்தாள். இங்கே மிச்ச ஆசிட் பேனல் அடியில், லேபிள் கிழிந்த குளிர்பான பாட்டிலில் இருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பாட்டில். அது குடிக்கிற தண்ணீராம்.