காவல்காரனை வென்ற கைதி

எதிரியின் கைதியை எதிரியின் போலீஸ்காரனே தப்ப வைத்தான் என்றால் நம்புவீர்களா, தோழர்களே? மஞ்சூரியாவில், ஹார்பின் நகரத்து ஆஸ்பத்திரியில், 1936 ஜூன் 28-ந் தேதி இரவு அப்படித்தான் நடந்தது. அந்தக் கைதி, சீனத்து வீராங்கனை ஜாவோ யீமான்.

1905-ல் சிச்சுவான் மாகாணத்தில் நிலச் சொந்தக்காரர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். படிக்கக் கூடாதென்று தடுத்த அண்ணனை எதிர்த்து நின்றார். 1926-ல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1931-ல் ஜப்பானிய ஏகாதிபத்தியம் மஞ்சூரியாவில் புகுந்தது. பச்சைப் பிள்ளையை உறவினர் வீட்டில் விட்டிருந்த அந்தத் தாய், கட்சி சொன்னபடி அங்கே போனார்.

1933-ல் ஹார்பின் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்றார். 1934-ல் ஜூஹோ வட்டாரத்துக் கிராமங்களில் விவசாயிகளைத் திரட்டினார். கொரில்லாப் படையில் ஒரு ரெஜிமெண்டின் அரசியல் கமிஸார் ஆனார். 1935 நவம்பரில் குண்டடி பட்டுப் பிடிபட்டார். எதிரிகள் சித்திரவதை செய்தார்கள். ரகசியம் ஒன்றும் கிடைக்கவில்லை. செத்துப் போனால் ரகசியமும் போய்விடுமே என்று ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

ஆயுதமில்லை; நடக்கக் காலில்லை; வாசலில் காவல். மிஞ்சியது பேச்சு ஒன்றுதான். காவலுக்கு நின்ற துங் ஷியன்ஷுன், இளம் நர்ஸ் ஹான் யுங்யி, இருவரிடமும் நாட்டின் கதியைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எதிரியிடம் சம்பளம் வாங்கிய இருவரும் உயிரைப் பணயம் வைத்து அவரை வெளியே கொண்டு போனார்கள்.

இரண்டே நாளில் துரத்திப் பிடித்தார்கள். ஆகஸ்ட் 2-ந் தேதி ஜூஹோவில் யீமானைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு 31 வயதுகூட நிறையவில்லை. கொலைக்களம் போகும் வழியில் மகனுக்குக் கடிதம் எழுதினார். அந்த யீமான்தான் தன் தாய் என்பது மகனுக்குத் தெரியவந்தது விடுதலைக்குப் பல ஆண்டு கழித்தே.

தப்பும் முயற்சி தோற்றது. ஆனால் காவல்காரன் மனம் மாறியது தோல்வியா? "அவன் முதலாளி ஆள், இவன் பண்ணை விசுவாசி, சொன்னால் கேட்கமாட்டான்" என்று நாம் பேசாமலே கைவிட்டவர்கள் எத்தனை பேர்! படுத்த படுக்கையில் கிடந்த ஒரு பெண் எதிரியின் காவல்காரனிடமே பேசி வென்றார். பக்கத்துத் தறியில் நிற்பவனிடமும், பக்கத்து வரப்பில் நடுகிறவளிடமும் பேச நமக்கு என்ன தடை?