பூஜ்யக் கணக்கில் சேராத காய்ச்சல்

2018, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்பது அரசாங்கக் கணக்கு. உண்மைதான், மறுக்க மாட்டோம். 1967-ல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது இதை நம்பியவர்கள் எத்தனை பேர்? மருந்துப் பம்பைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கிய ஊழியர்களுக்கு நமது வணக்கம்.

ஆனால் அதே 2018-ல் 4,000 பேருக்கு மேல் மலேரியாவில் படுத்தார்களே, அது எந்தக் கணக்கு? அது குரங்கு மலேரியாவாம்! நோலிசி என்னும் கிருமி, நீளவால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வருவது. ஆகவே பூஜ்யத்தில் சேராதாம். செத்தவன் வீட்டில் போய் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள்!

அவர்களில் பெரும்பாலோர் சபா, சரவாக்கைச் சேர்ந்தவர்கள். சுங்கை லாலாங்கில் நமக்கென்ன என்று கேட்கும் கிராணிமாருக்கு ஒன்று சொல்லுவோம். இக்கிருமி காட்டில் மனிதனைத் தொற்றியது முதன்முதல் தெரிய வந்தது 1965-ல், தீபகற்பத்துப் பகாங்கில்தான்.

காட்டை அழித்து ரப்பர் நட்டபோது, வெயில்பட்ட மலையோடைகளில் கொசு பெருகி நம் பாட்டன் பாட்டிமாரைக் கொன்றது. 1901-ல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பில் கால்வாய் வெட்டிக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார். அந்தச் செலவுக்கு மனம் வராத முதலாளிமார் பலர். ஒரு கூலி செத்தால் அடுத்த கப்பலில் இன்னொருவன் வருவான் என்பது அவர்கள் கணக்கு.

இன்றைய கிருமியோ அவசரக்காரக் கிருமி. மற்றவை பெருக இரண்டு மூன்று நாளாகும். இது 24 மணிக்கொரு முறை பெருகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சாதுவான இன்னொரு வகையைப் போலிருக்கும். கொசுவலையும் சுவரில் அடித்த மருந்தும் லயத்தில் தூங்குகிறவனுக்குக் காவல். இந்தக் கொசு கடிப்பதோ வெளியில், இருட்டில். தலைவிளக்கோடு காட்டோரத்து நிறையில் நிற்கிறவனுக்கு என்ன காவல்?

நோலிசியால் ஒரு சாவும் இல்லை என்பதை நாட்டின் இலக்காக எழுதுங்கள் என்கிறோம். காட்டோர நிறைகளில் வெட்டுகிறவர்களுக்கு நீளக்கைச் சட்டையும் கொசு விரட்டும் மருந்தும் நிர்வாகச் செலவில் வேண்டும். காய்ச்சல் என்று சொன்ன அன்றே இரத்தம் எடுக்க வேண்டும்; அன்றைக்குச் செக்ரோலில் முழுச் சம்பளம் எழுத வேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் இதே முறைதான். அவனும் அதே நிறையில்தான் நிற்கிறான்.

காய்ச்சல் கண்ட நாள் எது, இரத்தம் எடுத்த நாள் எது என்று கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கு அந்தத் தாள்களோடு போவோம்.