முறுக்கை இழைத்துத் தள்ளாதீர்கள்

வில்லுக்கென்று பிளந்து வைத்த மரத்தின் இரு முனைகளிலும் குறுக்கே ஒவ்வொரு நேர்க்குச்சியை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். குச்சிகள் இணையாக நிற்காவிட்டால் மரம் முறுக்கியிருக்கிறது. உடனே நம்மில் பலருடைய கை இழைப்புளிக்குப் போகிறது. அந்தப் பழக்கத்தைக் கைவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பல மரங்களில் நார் தண்டைச் சுற்றித் திருகியபடியே ஏறுகிறது. காயும்போது அந்தத் திருகல் முறுக்காக வெளிப்படுகிறது. இழைத்துச் சமமாக்கினால் பார்வைக்கு நேராகும், ஆனால் வில்லின் முதுகில் நார் அறுபட்டுவிடும். நாணை இழுக்கையில் இழுவிசையை அதிகம் தாங்குவது முதுகுதான். அறுபட்ட நாரில் சிம்பு கிளம்பும். பெரும்பாலும் அங்கேயே வில் முறியும்.

சிலம்ப ஆசான்கள் பிரம்பை அனலில் காட்டி நிமிர்த்துவார்கள். வில்மரத்துக்கும் வழி அதுவே. நார்களைப் பிணைக்கும் லிக்னின், ஈர மரத்தில் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளகும். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் நீராவி என்பது பழகிய கணக்கு. பிடியை இடுக்கியில் இறுக்கி, முனையில் நெம்புகோல் கட்டி மெல்லத் திருப்புங்கள். சிறிது பின்வாங்கும் என்பதால் நேர்நிலையைக் கொஞ்சம் தாண்டியே நிறுத்திக் கட்டிவையுங்கள். சூளையில் உலர்த்திய கடைப்பலகை இதற்கு எளிதில் இணங்காது. நாண் பிடியின் நடுவே ஓடுமளவுக்கு முறுக்கு சிறியதென்றால், அதைத் தொடவே வேண்டாம்.

பினாங்கின் பிறை ஊரில் நாம் அதிகம் தவறுவது இதற்குப் பிறகுதான். ஆறியதும் கட்டை அவிழ்த்துவிடுகிறோம். இந்தக் கடலோரக் காற்றில் எத்தனை மாதம் வைத்தாலும் மரத்தின் ஈரம் 15 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். வில்லுக்கு வேண்டியதோ 10-ஐ ஒட்டி. ஈரம் குறையாமல் அவிழ்த்த வில் செப்டம்பர், அக்டோபர் மழையில் பழைய முறுக்குக்கே திரும்பப் பார்க்கும். கட்டோடு வெதுவெதுப்பான பெட்டியில் வையுங்கள். தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றபின் அவிழ்க்கலாம்.

ஆங்கில வில் நூல்கள் பெரும்பாலும் யூ, ஆஷ், ஓசேஜ் ஆரஞ்சு போன்ற குளிர்நாட்டு மரங்களையே பேசுகின்றன. நம் மரங்களுக்கான கணக்கு நம் பட்டறைகளில்தான் உருவாக வேண்டும். மரத்தின் பெயர், கனம், நீராவி நேரம், அவிழ்த்த நாளின் முறுக்கு, ஒரு மழைக்காலம் கழித்து இருந்த முறுக்கு: இந்த ஐந்தையும் குறித்து அனுப்புங்கள். முறிந்த வில்லின் குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். அடுத்து வில் செய்ய வரும் இளைஞருக்கு அதுதான் அதிகம் உதவும்.