வாட்சின் பின்மூடியை யார் திறப்பது?

செவிலிமேட்டில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவைத் தறியில் ஏற்றும்போது, பழைய இழையின் நுனியோடு புதிய இழையின் நுனியைச் சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஒன்றிரண்டு இழைகள் இல்லை, ஆயிரக்கணக்கில். தலைமுடியைவிட மெல்லிய பட்டு. எங்கள் தெருவில் இந்த வேலைக்குக் கூப்பிடுவது பெரும்பாலும் பெண்களைத்தான். இழை சிக்கெடுப்பது, தார் சுற்றுவது, கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். ஆனால் அதே பெண்ணின் வாட்ச் நின்றுபோனால், "நீ கையை வைக்காதே, கெட்டுப்போகும்" என்கிறார்கள்.

பட்டு கெடாத கையில் வாட்ச் மட்டும் எப்படிக் கெடும்?

என் வாட்ச் ஒருமுறை நின்றது. கடைக்குக் கொண்டுபோகிறேன் என்று வாங்கிய அண்ணனின் சட்டைப்பையிலும் அலமாரியிலும் அது பதினோரு நாள் கிடந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய வாட்ச் நின்றிருந்தால் அன்று சாயங்காலமே ஓடியிருக்கும், அவ்வளவுதான். "உனக்கு என்ன அவசரம், செல்போனில் மணி பார்த்துக்கொள்" என்றார். வீட்டில் செல்போன் யார் கையில் இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பெண்ணின் நேரம் கணக்கில் வருவதில்லை என்பதால்தான் அவளுடைய கடிகாரம் காத்திருக்கலாம். தறிக் கூலி சேலைக் கணக்கில் வருகிறது, பெரும்பாலும் ஆணின் பெயரில் வருகிறது. தார் சுற்றிய மூன்று மணி நேரம் அந்தக் கூலிக்குள் கரைந்துவிடுகிறது. அதை எடுத்துக் காட்ட வேண்டுமானால் முதலில் அது மூன்று மணி நேரம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

"மெஷின் பெண்களுக்குப் புரியாது" என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் தேடினால் எதிரான ஆதாரம்தான் கிடைக்கிறது. முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவில் கைக்கடிகாரம் பெண்கள் கட்டுவது. ஆண்கள் சங்கிலி போட்ட பைக்கடிகாரம் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவதைப் பெண்தனம் என்று சிரித்தார்கள். பதுங்குகுழியில் பையைத் துழாவ வழியில்லாமல் போன பிறகுதான் அது ஆண்களின் பொருளானது. நம் பக்கம் வந்தால், 1961இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. அங்கே நுண்ணிய பாகங்களைக் கோக்கும் வரிசைகளில் பெண்கள் ஏராளமாக வேலை செய்தார்கள். கோப்பதற்குப் பெண், திறப்பதற்கு ஆண். இது என்ன நியாயம்?

தெரிந்துகொள்ள விடாமல் வேலை மட்டும் வாங்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் கடிகாரத் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புக்கு ரேடியம் பூசிய இளம்பெண்களிடம், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொன்னார்கள். ஆபத்தில்லை என்றார்கள். தாடை எலும்பு அழுகிப் பல பெண்கள் செத்தார்கள். கிரேஸ் ஃபிரையரும் இன்னும் நான்கு பெண்களும் 1927இல் வழக்குப் போட்டு, அடுத்த ஆண்டு நிறுவனத்தை இழப்பீடு கொடுக்க வைத்தார்கள். கையில் இருக்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது பெண்களுக்கு உயிர்ப் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? ஒரு குவார்ட்ஸ் படிகம். மின்சாரம் பட்டால் நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், ஒன்று வரும். அதுதான் நொடி முள்ளின் ஒரு துடிப்பு. அந்த மின்சாரத்தைத் தருவது ஒரு பொட்டு அளவு பேட்டரி.

மாற்றுவது இப்படி. மேசையில் துணி விரித்து வாட்சைக் கவிழ்த்து வையுங்கள். பின்மூடியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவு சின்ன உதடு இருந்தால் அது அழுத்தி மூடும் வகை. மழுங்கிய சிறு கத்தியை அங்கே வைத்து மெல்லத் திருப்பினால் மூடி கழன்றுவரும்; கத்தி உங்கள் கையைப் பார்க்கக் கூடாது. மூடி எந்தப் பக்கமாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் மேல் எண் இருக்கும். 626 என்றால் 6.8 மில்லிமீட்டர் அகலம், 2.6 மில்லிமீட்டர் தடிமன். பெண்கள் வாட்சில் இன்னும் மெல்லிய 621உம் இருக்கும். அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எஸ்ஆர் என்று தொடங்குவது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட்; எல்ஆர் வகையைவிட வாட்சுக்கு அதுவே நல்லது. பிடிப்பை விலக்கி, பிளாஸ்டிக் சாமணத்தால் பழையதை எடுத்து, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். பக்கத்தில் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளைத் தொடாதீர்கள். அது அறுந்தால் வாட்ச் போச்சு. நொடி முள் நகர்ந்ததும், ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் மூடியைச் சமமாக அழுத்துங்கள். பழைய பேட்டரியைக் குழந்தை கைக்கு எட்ட விடாதீர்கள். விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

இவ்வளவுதான். இதைத்தான் நமக்குப் புரியாது என்றார்கள்.

இரண்டு மறுப்புகள் வரும். பேருந்து நிலையத்துப் பக்கம் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரர் பிழைப்பு என்னாவது என்பார்கள். திருகு மூடி, தண்ணீர் புகாத வாட்ச், பழைய சாவி வாட்ச் எல்லாம் அவரிடம்தான் போக வேண்டும், நானும் போகிறேன். வேலை தெரிந்து கொடுப்பதற்கும் பயந்து கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. தெரிந்தவளிடம் யாரும் தேவையில்லாத செலவைக் கட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு நம் தோழிகளிடமிருந்தே வரும்: ஏற்கெனவே வீட்டு வேலை முழுக்க நம் தலையில், இதையும் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? நியாயமான கேள்வி. அதனால் வீட்டில் எல்லோருடைய வாட்சுக்கும் பேட்டரி மாற்றிக் கொடுக்காதீர்கள். உங்கள் வாட்சுக்கு மாற்றுங்கள். மகளுக்கும் மகனுக்கும் ஒரே மேசையில் சொல்லிக் கொடுங்கள். கணவர் தன்னுடையதை நீட்டினால் கத்தியையும் சாமணத்தையும் அவர் பக்கம் நகர்த்துங்கள்.

பிறகு ஓடுகிற வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு, ஒரு வாரம் நீங்கள் செய்கிற வேலையை மணிக் கணக்கில் ஒரு நோட்டில் எழுதுங்கள். தார் சுற்றியது, இழை பிணைத்தது, தண்ணீர் பிடித்தது, சமைத்தது, மாமியாருக்கு மருந்து கொடுத்தது, எல்லாவற்றையும். கடைசியில் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படியுங்கள்.